ஒரு மீட்டர் தெற்கே, அரை மீட்டர் கிழக்கே: ஃபைபர் டிவியிலிருந்து டிஷ்ஷுக்கு மாறிய ஐந்து மாதம்

போன வாரம் ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தது. அந்த இரண்டு நாளில் டிவி நின்றது மொத்தமே இருபது நிமிடம். அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) கட்டிலில் சாய்ந்தபடியே ராத்திரி ஒன்பதரை வரைக்கும் பார்த்துவிட்டுத் தூங்கினார். இனி இதை எழுதலாம் என்று அப்போதுதான் தோன்றியது. வைகாசியில் கை வைத்த வேலை. நடுவில் ஒரு முறை மொத்தமாகக் கழற்றி வேறு இடத்தில் நட வேண்டி வந்தது. எங்கெங்கே தப்பு செய்தேன் என்பதைத்தான் அதிகம் எழுதப் போகிறேன். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அதுதான் உதவும்.

எங்கள் தோட்டம் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு 900 மீட்டர் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதை. ஃபைபர் ஒயர் அந்த இட்டேரி வழியாகத்தான் வந்தது. பாதி தூரம் பனையிலும் தென்னையிலும் கட்டியிருந்தார்கள், மீதிக்கு மூங்கில் நட்டிருந்தார்கள். இன்டர்நெட்டும் டிவியும் ஒரே ஒயரில், ஒரே பில்லில். வந்த புதிதில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது, அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் தென்னை மட்டை விழுந்தால் ஒயர் அறுந்தது. சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் ஒரு தடவை இழுத்துக்கொண்டு போனது. அணில் கடித்ததும் உண்டு. அறுந்த ஒவ்வொரு முறையும் ஆள் வந்து ஒரு ஜாயின்ட் போட்டு, நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டிவிட்டுப் போவார். வைகாசியில் இட்டேரி முழுக்க நடந்து எண்ணிப் பார்த்தேன். ஏழு பாட்டில்.

கடைசியாக வந்தபோது அவர் வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒயரில் மீட்டரை வைத்துக் காட்டினார். ஒயரில் வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸ் 29. மைனஸ் 27-க்குக் கீழே போனால் பெட்டி தடுமாறும், சிவப்பு விளக்கு மினுக்கும். "ஜாயின்ட் மேல ஜாயின்ட் போட்டு ஆகாதுங்க. முழுசும் புதுசா இழுக்கோணும்" என்றார். ஒரே ஒரு வீட்டுக்காக 900 மீட்டர் இழுக்க அவருடைய முதலாளி சம்மதிக்கவில்லை.

அம்மிச்சிக்கு 86 வயது. இடுப்பில் அடிபட்ட பிறகு நடமாட்டம் கட்டிலுக்கும் திண்ணைக்கும் மட்டும்தான். "ஏங்கண்ணு, இன்னைக்கும் படம் வராதா?" என்று அவர் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. தொடர்ந்து பதினோரு நாள் அப்படிப் போனபோது டிவியை ஃபைபரிலிருந்து பிரித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

காசு இல்லாமல் கிடைக்கும் டிடி ஃப்ரீ டிஷ்ஷைத்தான் முதலில் யோசித்தேன். மாதக் கட்டணம் இல்லை. ஆனால் அதில் தமிழ் சேனல்கள் குறைவு. அம்மிச்சி பார்க்கும் தொடர்கள் அதில் வராது. அப்புறம் திருப்பூரில் தங்கச்சி வீடு மாறியபோது அவளுடைய டாடா ப்ளே பாக்ஸும் டிஷ்ஷும் சும்மா கிடந்தது நினைவுக்கு வந்தது. கணக்கை எங்கள் முகவரிக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தாள். எனக்கிருந்த ஒரே கவலை வாசலில் நிற்கும் வேம்பு. கிழக்கில் வீட்டுக்கு இருபதடி தள்ளி, டிஷ் வைக்க நினைத்த மட்டத்துக்கு மேல் முப்பத்தைந்து அடி உயரம். அதன் ஒரு கிளையைக்கூட வெட்ட எனக்கு மனசில்லை. அப்பாரு வைத்த மரம்.

இங்கே ஒரு விஷயம் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு கம்பெனியின் செயற்கைக்கோளும் வானத்தில் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஆனால் வேறு வேறு தீர்க்கரேகையில். டாடா ப்ளேவுக்கு 83 டிகிரி கிழக்கு, அங்கே நிற்பது ஜிசாட்-24. ஏர்டெல்லுக்கு 108.2 டிகிரி. நாங்கள் இருப்பது ஏறக்குறைய 77.5 டிகிரியில். ஆகவே 83 எங்களுக்குக் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது, தரையிலிருந்து 75, 76 டிகிரி உயரத்தில். 108.2 கிழக்கே சாய்ந்து 52 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டு எளிய விதி ஒன்று வைத்துக்கொண்டேன். அந்தத் திசையில் நிற்கும் மரம் டிஷ்ஷைவிட எவ்வளவு உயரமோ, 83-க்கு அதில் கால் பங்கு தூரம் தள்ளியிருந்தால் போதும். 108.2-க்கு முக்கால் பங்குக்கும் மேல் தள்ளியிருக்க வேண்டும். முப்பத்தைந்தில் கால் பங்கு ஒன்பதடிதான். வேம்பு இருபதடி தள்ளி நிற்கிறது. தங்கச்சியின் டிஷ் போதும், மரம் பிழைத்தது.

திருப்பூரில் கழற்றும்போதுதான் முதல் தப்பு. டிஷ்ஷின் பின்னால் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு போல்ட், அதன் பக்கத்தில் டிகிரி அளவுகோல். பைக்கில் கட்டிக்கொண்டு வர வசதியாக இருக்கட்டும் என்று அதையும் தளர்த்தி மடக்கிவிட்டேன். திருப்பூருக்கும் எங்கள் ஊருக்கும் அந்தக் கோணத்தில் அரை டிகிரிகூட வித்தியாசம் கிடையாது. அந்த ஒரு நட்டைத் தொடாமல் இருந்திருந்தால், இங்கே கொண்டுவந்து வலது இடது மட்டும் திருப்பினால் போதும், வேலை முடிந்திருக்கும். பக்கத்து ஊரிலிருந்து டிஷ் கொண்டுவருபவர்கள் இதை மறக்காதீர்கள். தளர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் அளவுகோலில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தளர்த்துங்கள்.

டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியின் மூடி வெடித்து உள்ளே தண்ணீர் போயிருந்தது. புதிதாக ஒன்று 280 ரூபாய்க்கு வாங்கினேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ட்ரில் போட்டு நான்கு ஆங்கர் போல்ட் அடித்து டிஷ்ஷை நிறுத்தினேன். செங்கல் சுவர், மேலே பழைய பூச்சு. பிட் ஒன்று உடைந்தது. சுவர் கொஞ்சம் கொட்டியதையும் பார்த்தேன். பார்த்தும் அங்கேயேதான் வைத்தேன்.

கோணத்துக்கு ஒரு வீடியோவைப் பார்த்தேன். இந்தியில் பேசினார், ஆனால் எண்கள் புரிந்தன. அதில் காட்டிய மாதிரியே அளவுகோலை 56-இல் வைத்து வலமும் இடமும் திருப்பினேன். பாக்ஸ் திரையில் காட்டும் சிக்னல் எண்களைப் படித்துச் சொல்ல, கீழே டிவி முன்னால் என் மனைவி, காதில் போன். "ஏனுங்க, ஸ்ட்ரென்த் அறுபது காட்டுது. குவாலிட்டி பூஜ்யம்தான்." இரண்டு சாயங்காலம் இப்படியே போயிற்று. ஸ்ட்ரென்த் அறுபது வருகிறதே, கிட்டத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை நம்பக் கூடாது. எல்என்பிக்குக் கரண்ட் போனாலே, வெறும் வானத்தைப் பார்த்தாலும் அது ஏறி நிற்கும். செயற்கைக்கோளைப் பிடித்தோமா என்பதைச் சொல்வது குவாலிட்டி மட்டுமே.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. அந்த வீடியோக்காரர் இருப்பது டெல்லிப் பக்கம். வடக்கே போகப் போக செயற்கைக்கோள் தாழ்வாகத் தெரியும். டெல்லியில் 83 டிகிரிக்காரன் 56 டிகிரி உயரத்தில் நிற்கிறான், இங்கே 75-க்கு மேல். நான் இருபது டிகிரி கீழே, வேப்ப மர உச்சியைப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திசையிலும் தகராறு. போன் திசைகாட்டியைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே முள் இருபது டிகிரி தள்ளிப் போகிறது. சுவருக்குள் கம்பி, கையில் இரும்புக் குழாய், எதை நம்புவது? அதனால் வெயிலை வைத்துத் திசை பார்த்தேன். நம் கடிகார நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே. டிகிரிக்கு நான்கு நிமிடம், ஆக இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12:20 வாக்கில். ஐந்தடிக் குழாயைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தி, 12:20-க்கு அதன் நிழல் மேல் சுண்ணாம்புக் கோடு போட்டேன். நிழல் ஒரு அடிதான் இருந்தது, அதுவும் தெற்கே விழுந்தது. வைகாசியில் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போயிருக்கும் அல்லவா, அதனால். அந்தக் கோட்டைத் தெற்கே ஒரு மீட்டருக்கு நீட்டி, அங்கிருந்து நேர் கிழக்கே அரை மீட்டர் அளந்து ஒரு ஆணி வைத்தேன். குழாயிலிருந்து அந்த ஆணிக்கு நூல் பிடித்தால் அதுதான் திசை, தெற்கிலிருந்து 27 டிகிரி கிழக்கே.

அளவுகோல் 75, டிஷ் நூலைப் பார்த்து. பத்தே நிமிடத்தில் குவாலிட்டி 42. அதன் பிறகு அவசரப்படக் கூடாது. விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு டிகிரி போய்விடும். பாக்ஸில் எண் மாறவும் இரண்டு மூன்று விநாடி பிந்துகிறது. கொஞ்சம் நகர்த்து, ஐந்து வரை எண்ணு, அப்புறம் கேள் என்று வைத்துக்கொண்டோம். 61-க்கு வந்தது. மிச்சம் எல்என்பியைத் திருப்பியதில் கிடைத்தது. கிளிப்பைத் தளர்த்தி அதை அதன் இடத்திலேயே சுழற்ற, 61 என்பது 78 ஆயிற்று. இந்தச் சுழற்சியும் ஊருக்கு ஊர் வேறு. தெற்கே வர வர அதிகம் திருப்ப வேண்டியிருக்கும்.

படம் வந்தது. ஆனால் பாதி சேனல் வரவில்லை. பழைய கேபிள் டிவிக் காலத்து ஒயர் பன்னிரண்டு மீட்டர், தங்கச்சி வீட்டு ஒயர் பதினைந்து மீட்டர், இரண்டையும் நடுவில் ஒரு ஜாயினர் போட்டு இணைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் ஜாயினருக்குள் பச்சைப் பாசி மாதிரி துரு. பாக்ஸ் 13 வோல்ட்டும் 18 வோல்ட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்துத்தான் எல்என்பியிடம் எந்தப் பக்கத்து அலை வேண்டும் என்று சொல்கிறது. வழியில் வோல்ட் குறைந்தால் ஒரு பக்கத்துச் சேனல்கள் போய்விடும். புது ஆர்ஜி-6 ஒயர் முப்பது மீட்டர், மீட்டர் 18 ரூபாய். ஜாயின்ட் இல்லாமல் ஒரே துண்டாக இழுத்தேன். கனெக்டர் போடும்போது வெளிக் கம்பி வலையின் ஒரு மயிரிழைகூட நடுச் செம்பைத் தொடக் கூடாது. எனக்கு முதல் இரண்டு கனெக்டர் அப்படித்தான் வீணாயின. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்துவிட்டு முடுக்கினால் தெரிந்துவிடும்.

எல்லா சேனலும் வந்தன. ஃபைபரில் டிவியை மட்டும் ரத்து செய்து பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். இன்டர்நெட்டைச் சின்ன பிளானில் வைத்துக்கொண்டோம், பிள்ளைகளுக்கு வேண்டும்.

அப்புறம் காற்று வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் தொடங்கி ஆடி முழுக்க இங்கே அடிக்கும் காற்றைத் தெரிந்துதான் தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். தெரிந்தே நான் மொட்டைமாடியின் மேற்கு ஓரத்தில் டிஷ்ஷை வைத்தேன். வாரத்துக்கு ஒரு தரம் மேலே ஏறித் திருப்ப வேண்டியிருந்தது. முதலில் கிளாம்ப் வழுக்கியது, முடுக்கினேன். அது நின்ற பிறகு சுவரிலிருந்த போல்ட் ஆட ஆரம்பித்தது. ஆடி நடுவில் ஒரு ராத்திரி பூச்சு பெயர்ந்து, இரண்டு போல்ட் கையோடு வந்துவிட்டன.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று விளங்கியது. செயற்கைக்கோள் ஏறக்குறைய உச்சியில் இருக்கிறது. அதைப் பார்க்க மாடி எதற்கு? வீட்டுச் சுவர் பன்னிரண்டு அடி என்றால், சுவரிலிருந்து நான்கடி தள்ளித் தரையிலேயே வைக்கலாம். காற்றும் அங்கே வீட்டுக்கு மறைவு. வேம்பு தரையிலிருந்து நாற்பத்தேழு அடி, கால் பங்கு பன்னிரண்டு அடி. அதற்கும் இடம் இருந்தது. வீட்டின் தென்கிழக்கு மூலையில், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் பார்த்தோம்.

ஆவணியில் குழி தோண்டினேன். ஒன்றேகால் அடி சதுரம், இரண்டடி ஆழம். குழாய் வாங்க கிளாம்பைக் கையோடு இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தே வாங்கினேன். ஐந்தரையடி ஜிஐ குழாய், 420 ரூபாய். அதன் அடியில் அரையடிக் கம்பி ஒன்றைக் குறுக்கே வெல்டிங் வைக்கச் சொன்னேன். அது இல்லாவிட்டால் கான்கிரீட்டுக்குள்ளேயே குழாய் சுழன்றுவிடும். அரை மூட்டை சிமெண்ட். எம்-சாண்டும் ஜல்லியும் வீட்டில் மிச்சம் கிடந்தன. ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்று கலந்து, நடுநடுவே கல்லும் போட்டேன். குழாயின் இரண்டு பக்கமும் ரசமட்டம் பிடித்துப் பார்த்தேன். இதில் சோம்பல் படக் கூடாது. குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷை வலம் இடம் திருப்பும்போது உயரக் கோணமும் சேர்ந்து மாறும், எந்த எண்ணையும் நம்ப முடியாது. ஏழு நாள் ஈரச் சாக்கு சுற்றி வைத்தேன்.

எட்டாம் நாள் டிஷ்ஷை மாட்ட, கால் மணி நேரத்தில் குவாலிட்டி 82. ஒயர் பதினெட்டு மீட்டர்தான் தேவைப்பட்டது. அதை பிவிசி குழாயில் விட்டு மண்ணுக்குள் புதைத்தேன். கனெக்டர் மேல் ரப்பர் டேப் சுற்றினேன். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓட்டு வரிசை மாதிரி. இடிக்குப் பயந்து டிஷ் குழாயிலிருந்து வீட்டு எர்த்துக்கு எட்டாம் நம்பர் ஜிஐ கம்பி இழுத்தேன். மேற்கு ஓரத்தில் இருந்தபோது இதைச் செய்யாமல் ஒரு கோடை மழையைக் கடத்தியதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

மாட்டைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் தொட்டியில் தண்ணி குடிக்க வந்த காரிக் கன்று, குழாயில் கழுத்தைச் சுகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. 82 என்பது 55 ஆகியிருந்தது. மறுபடி திருப்பி முடுக்கி, சுற்றிலும் வேலிக்குக் கிளுவைக் கொம்பு நட்டு, அவை பிடிக்கும் வரைக்கும் நான்கு கல் தூணில் கயிறு கட்டினேன்.

கடைசித் தப்பு புரட்டாசியில். செப்டம்பர் கடைசி வாரம், மேகமே இல்லாத வானம், காலை 11:40-க்குப் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. ஐந்தாறு நிமிடத்தில் தானாக வந்தது. மறுநாளும் அதே நேரம். கன்று வேலைதான் என்று நினைத்து ஸ்பேனரோடு போய், கிளாம்பைத் தளர்த்தப் போனேன். அப்போதுதான் பார்த்தேன்: எல்என்பியின் வெள்ளை முகத்தில் ஒரு வட்ட வெளிச்சம், கையை வைத்தால் சுடுகிறது. டிஷ் திரட்டிய வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிப் போகிறது. வருடத்துக்கு இரண்டு முறை, இங்கே மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சில நாளைக்கு இப்படி நடக்கும். எந்த டிஷ்ஷும் இதற்குத் தப்பாது. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரத்தில் தானாக நின்றது.

செலவு: எல்என்பி 280, ஒயர் 540, கனெக்டர் 90, ஆங்கரும் பிட்டும் 170, குழாய் 420, வெல்டிங் 150, சிமெண்ட் 210, டேப் 120, பிவிசி 220, எர்த் கம்பி 160. மொத்தம் 2,360 ரூபாய். இதில் ஆங்கருக்கும் பிட்டுக்கும் போன 170 தண்டம், பன்னிரண்டு மீட்டர் ஒயரும் மிச்சம் கிடக்கிறது. மாதக் கணக்கில் லாபம் என்று சொல்ல மாட்டேன். முன்பு ஃபைபரில் இரண்டும் சேர்த்து 708. இப்போது இன்டர்நெட் 471, டிஷ் 265. மாதம் 28 ரூபாய் கூடுதல்தான் ஆகிறது. கனமழையில் பத்து நிமிடம் போவதும் உண்டு, அது ஃபைபரில் கிடையாது. ஆனால் பத்து நிமிடம் கழித்துத் தானாக வருகிறது, ஆளுக்குப் போன் போட வேண்டியதில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் முதல் நாளே தரையில் நடுவேன். குழாயை இன்னும் ஒரு அடி உயரமாக, நான்கரை அடிக்கு விடுவேன். கன்றின் கழுத்துக்கு எட்டாது. வேப்பம்பூக் காலத்தில் டிஷ்ஷின் கீழ் விளிம்பில் சருகு தங்கும் என்பதால், கை எட்டும் உயரத்துக்கு மேலும் போக மாட்டேன்.

கிளுவை இந்த மழைக்குத் துளிர்விட்டிருக்கிறது. மார்ச் நடுவில் சூரியன் மறுபடி அந்த வழியாக வரும். இப்போது 82-இல் நிற்கும் குவாலிட்டியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று, அந்த வெளிச்ச வட்டம் எல்என்பி முகத்தின் நடுவில் விழுகிறதா ஓரத்தில் விழுகிறதா பார்த்து, ஒரு தரம் சரிசெய்யும் வேலை பாக்கி.